மலைக்குளிரில் பாலிஷும் வாக்ஸும்: வாசகர் கேள்வி - பதில்

வீட்டு வாசலிலேயே வண்டிக்கு பாலிஷ், வாக்ஸ் போடுவது பற்றி நீலகிரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பாலிஷ் பெயிண்டின் மேற்பரப்பை மெல்லத் தேய்த்துப் பளபளப்பாக்கும், வாக்ஸ் அதன் மேல் காப்புப் படலமாக நிற்கும். டப்பாவின் பின்புறம் அச்சடித்திருக்கும் குறிப்பு சமவெளிக்காரர்களுக்குப் போதும். மேகம் வாசல் வரை வந்து போகும் ஊரில் அது அப்படியே செல்லாது.

கேள்வி: வாக்ஸ் தடவி 10 நிமிடம் காத்திருந்தும் வெள்ளையாகக் காயவே மாட்டேன் என்கிறது. துடைத்தால் தீற்றல் தீற்றலாக நிற்கிறது. கருப்பு கார் என்பதால் பார்க்கவே சகிக்கவில்லை. நான் வாங்கியது போலி வாக்ஸா? (குன்னூர் வாசகர்)

பதில்: வாக்ஸைச் சந்தேகப்படும் முன் நேரத்தையும் ஈரத்தையும் பாருங்கள். வாக்ஸ் காய்வது என்றால் அதில் கலந்திருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போவது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில் காற்றே நனைந்து கிடக்கும். அதோடு இரவு முழுக்க வெளியில் நின்ற காரின் தகடு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். துடைத்த இரண்டாவது நிமிடமே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் மறுபடி படியும். அந்த ஈரத்தின் மேல் வாக்ஸ் பிடிக்காது, குழையும்.

தொடங்கும் முன் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். முன் கண்ணாடியை வெளிப்புறம் காய்ந்த டிஷ்யூ பேப்பரால் ஒரு கையகலம் துடைத்துவிட்டு மூன்று நிமிடம் பொறுங்கள். அந்த இடம் மறுபடி மங்கினால் அன்று வாக்ஸ் டப்பாவைத் திறக்க வேண்டாம். மங்காமல் இருந்தால், காரை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தி, தகடு லேசாக வெதுவெதுப்பானதும் நிழலுக்குக் கொண்டு வாருங்கள். காலை 11 மணிக்கு முன்பும் பிற்பகல் 3 மணிக்குப் பின்பும் பெரும்பாலும் கைகூடாது.

அடுத்தது இடுக்குகளில் ஒளிந்திருக்கும் தண்ணீர். பக்கக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, நம்பர் பிளேட், பின்பக்க எழுத்துகள் ஆகியவற்றின் பின்னால் நிற்கும் நீர், நீங்கள் பாதி வேலையில் இருக்கும்போதுதான் வழிந்து இறங்கும். நான்கு கதவுகளையும் டிக்கியையும் திறந்து மூடி, வழிகிற நீரை முதலிலேயே ஒற்றி எடுத்துவிடுங்கள்.

அளவிலும் தவறு நடக்கிறது. சிறிய கார் முழுவதற்கும் 15 முதல் 20 கிராம் பேஸ்ட் வாக்ஸ் தாராளம். தடவிய இடம் லேசாகப் புகை படர்ந்ததுபோல் தெரிய வேண்டும், வெள்ளையடித்ததுபோல் இருக்கக் கூடாது. கனமாகத் தடவினால் மேல் தோல் மட்டும் காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும். பானட் முழுவதையும் ஒரே மூச்சில் பூசாமல், பாதி பானட், ஒரு கதவு என்று பிரித்துச் செய்யுங்கள். எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்க்க வேண்டாம். சுத்தமான விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு பளிச்சென்று தெளிவாக விழுந்தால் துடைக்கலாம். இழுவினால் இன்னும் பொறுக்க வேண்டும். மலையில் இது 10 நிமிடமும் ஆகும், 25 நிமிடமும் ஆகும்.

இப்போது நிற்கும் தீற்றலைக் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள். கருப்பு பெயிண்டில் நுண்கீறல் விழும். அதே வாக்ஸை மிக மெல்லியதாக அதன் மேல் தடவி, காயவிடாமல் உடனே வேறு துணியால் துடையுங்கள். புதிய வாக்ஸில் உள்ள கரைப்பான் பழையதை இளக்கிக் கூடவே கொண்டு வந்துவிடும்.

கேள்வி: என் சிவப்பு கார் 6 வருடம் ஆனது. ரூஃபும் பானட்டும் மங்கிப் போயின. ஒவ்வொரு தீபாவளிக்கும் ரப்பிங் பாலிஷ் போட்டால் புதிதுபோல் ஆகிவிடும் என்று ஓட்டுநர் சொல்கிறார். போடலாமா? (உதகை வாசகி)

பதில்: வருடா வருடம் என்றால் கட்டாயம் வேண்டாம். இன்றைய கார்களில் நிறத்தின் மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இருக்கும். அதன் கனம் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். நாம் எழுதும் சாதாரணத் தாளின் கனத்தில் பாதிகூட இல்லை. பளபளப்பைத் தருவதும் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் அதுதான். ரப்பிங் பாலிஷ், அதாவது கடுமையான ரப்பிங் காம்பவுண்ட், கீறலை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பூச்சைச் சீவி எடுக்கிறது. சீவியது திரும்பி வராது.

ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிரின் கடுமை சுமார் 10 சதவீதம் கூடும். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டரில் இருக்கிறது. குளிர்கிறதே என்று நாம் வெயிலைப் பொருட்படுத்துவதில்லை, பெயிண்ட் அதைத் தாங்கிக்கொண்டுதான் நிற்கிறது. அதனால்தான் பக்கவாட்டுக் கதவுகள் நன்றாக இருக்க, வானத்தைப் பார்த்த ரூஃபும் பானட்டும் முதலில் மங்குகின்றன.

முதலில் உங்கள் ரூஃப் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். ஓரம் பிரிந்து, வெள்ளைத் தோல் உரிவதுபோல் திட்டுத்திட்டாக இருந்தால் கிளியர் கோட் செத்துவிட்டது. அதற்கு எந்த பாலிஷும் உதவாது. தேய்த்தால் திட்டு பெரிதாகும். அந்தப் பகுதியை பெயிண்டரிடம் கொடுத்து மறுபடி அடிக்க வேண்டியதுதான். உரியாமல், தடவினால் வழுவழுப்பாகவே இருந்து மங்கல் மட்டும் தெரிந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

10 லிட்டர் பக்கெட்டுகள் இரண்டு வையுங்கள். ஒன்றில் 20 முதல் 30 மில்லி கார் ஷாம்பு கலந்த நீர், மற்றதில் வெறும் நீர். துடைத்த துணியை முதலில் வெறும் நீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு நீரில் முக்க வேண்டும். மேலிருந்து கீழே கழுவுங்கள். பாத்திரம் துலக்கும் திரவம் வேண்டாம். கழுவிய பின் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். இருந்தால் கிளே பார் (பெயிண்டில் ஒட்டிய துகளை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) போட வேண்டும். 30 முதல் 50 கிராம் துண்டைத் தட்டையாக்கி, ஷாம்பு நீர் தெளித்த ஈரத்தில், அழுத்தமே கொடுக்காமல் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். அழுக்கு ஏறியதும் மடித்துப் புது முகம் எடுங்கள். தரையில் விழுந்த துண்டைக் கழுவிப் பயன்படுத்தாதீர்கள், தூக்கிப் போடுங்கள். அதில் ஒட்டிய ஒரு மணல் பானட் முழுக்கக் கோடு போட்டுவிடும்.

பிறகு காம்பவுண்டைத் தொடாமல், இருப்பதிலேயே மென்மையான பாலிஷை எடுத்து 50 செ.மீ.க்கு 50 செ.மீ. சதுரத்தில் முயன்று பாருங்கள். நினைத்த பளபளப்பு வந்துவிட்டால் அதோடு நிறுத்துங்கள். வராவிட்டால் மட்டும் ஒரு படி கடுமையான பாலிஷ். விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயிண்ட் மெல்லியதாக இருக்கும் என்பதால் அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். கையால் செய்வதானால் ஒரு சதுரத்துக்குப் பட்டாணி அளவில் நான்கு சொட்டு, நான்கைந்து நிமிடத் தேய்ப்பு. மெஷின் வாங்குவதானால் இரட்டை இயக்கமுள்ள டி.ஏ. பாலிஷர் மட்டும் வாங்குங்கள். ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷின் பழகாத கையில் ஓரத்தைச் சுட்டு நிறத்தையே எடுத்துவிடும். வேகம் 6இல் 4, மெஷினின் சொந்த எடைக்கு மேல் கொஞ்சம் அழுத்தம், கை மெதுவாக நகர வேண்டும். ஒரு சதுரத்துக்கு நான்கு முதல் ஆறு ஓட்டம் போதும். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் மெஷினில் மாட்டிய ஸ்பாஞ்ச் பேடை பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். செத்த பாலிஷ் பேடில் கட்டியாகி நிற்பதுதான் புதுச் சுழல் கீறல்களுக்கு முக்கியக் காரணம்.

பாலிஷ் போட்ட அன்றே வாக்ஸோ சீலண்டோ (வாக்ஸுக்குப் பதிலாகப் போடும் செயற்கைக் காப்புப் பூச்சு) போட்டுவிட வேண்டும். அதன் பிறகு ஒழுங்காகக் கழுவி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாக்ஸ் மட்டும் போட்டு வந்தால் மூன்று நான்கு வருடத்துக்கு மறுபடி பாலிஷ் தேவைப்படாது. தீபாவளிக்கு வாக்ஸ் போடச் சொல்லுங்கள், ரப்பிங்கை நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: எந்தக் கீறல் பாலிஷில் போகும், எது போகாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எஸ்டேட் பாதையில் உண்ணிச்செடி உரசி இரண்டு பக்கமும் கோடுகள். (கோத்தகிரி வாசகர்)

பதில்: கோட்டுக்குக் குறுக்கே விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் கீறல் ஆழமானது. பாலிஷ் ஓரங்களை மழுக்கி மறைக்கும், போக்காது. நகம் தட்டாமல் வழுக்கினால் போய்விடும். செடி உரசிய கோடுகள் பெரும்பாலும் இரண்டாம் வகைதான். தகடோ சாம்பல் நிற பிரைமரோ தெரிந்தால் இந்த ஈரத்தில் துரு பிடிக்க நாளாகாது. டச்-அப் பெயிண்டை மெல்லிய குச்சி நுனியால், மூன்று நான்கு அடுக்காக, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பின் வையுங்கள்.

கேள்வி: கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தடியில்தான் வண்டியை நிறுத்த முடிகிறது. பிசின் சொட்டுகிறது, பறவை எச்சம் வேறு. (கோத்தகிரி, இன்னொரு வாசகர்)

பதில்: பிசினுக்கு மருந்து அதே மரத்தில் இருக்கிறது. நம் கடைகளில் விற்கும் கலப்படமில்லாத நீலகிரித் தைலம் பிசினையும் தாரையும் ஸ்டிக்கர் பசையையும் இளக்கும். பஞ்சில் சில துளி நனைத்து, பிசின் மேல் அரை நிமிடம் வைத்து எடுத்து, மென்மையாகத் துடையுங்கள். அதிக நேரம் ஊறவிடக் கூடாது, பெயிண்டும் மிருதுவாகும். ரப்பர், கருப்பு பிளாஸ்டிக், ஹெட்லைட் ஆகியவற்றில் படவிடாதீர்கள். உடனே ஷாம்பு நீரால் கழுவிவிட்டு அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வாக்ஸ் வையுங்கள். தைலம் இருந்த வாக்ஸையும் எடுத்திருக்கும்.

எச்சத்தைக் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். அதில் மணல், விதை எல்லாம் இருக்கும். நன்றாக நனைத்த துணியை 10 நிமிடம் அதன் மேல் போட்டு, ஊறியதும் அப்படியே அள்ளி எடுங்கள். எச்சத்தில் அமிலம் இருக்கிறது. வெயிலில் ஒரு பகல் விட்டாலே கிளியர் கோட்டில் தடம் பதியும். வண்டியில் ஒரு தண்ணீர்ப் புட்டியும் பழைய துணியும் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: தலைக்குந்தாவில் ஜனவரி காலைகளில் கார் மேல் உறைபனி வெள்ளையாகப் படிகிறது. வெந்நீர் ஊற்றலாமா? (உதகை அருகிலிருந்து)

பதில்: ஊற்றவே கூடாது. குளிர்ந்து விறைத்த கண்ணாடி ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சூடானால் விரிசல் விடும், ஏற்கெனவே கல் பட்ட புள்ளி இருந்தால் நிச்சயம் ஓடும். அட்டையோ கரண்டியோ வைத்துச் சுரண்டினால் பெயிண்டில் கோடு விழும். நம் ஊர் உறைபனி மெல்லியது, வெயில் பட்டால் தானே இறங்கிவிடும். தகட்டின் மேல் இருப்பதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். அவசரமாகக் கிளம்ப வேண்டுமானால் கண்ணாடிக்கு மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து ஸ்பிரே செய்யுங்கள். ஒரு நிமிடத்தில் இளகும்.

மேகமற்ற, காற்றில்லாத இரவில், திறந்த வானத்தைப் பார்த்து நிற்கும் பொருள் மேல்தான் உறைபனி படியும். போர்ட்டிகோ, தகரக் கொட்டகை, ஏன், ஒரு மரக்கிளை மேலே இருந்தாலே பெரும்பாலும் படியாது. அதுவும் இல்லையென்றால் முன் கண்ணாடி மேல் ஒரு போர்வையை மாலையிலேயே விரித்து, வைப்பரைத் தூக்கி நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் முழு கவர் போட்டுவிடலாமே? (அதே வாசகர்)

பதில்: காய்ந்த காருக்கு, காய்ந்த கவர் என்றால் சரி. மழைக்காலத்தில் ஈரக் காருக்கு மேல் காற்றுப் போகாத பிளாஸ்டிக் கவர் போட்டு நாட்கணக்கில் விட்டால் பெயிண்டில் வெள்ளைப் புகைத் திட்டும், ரப்பரில் பூஞ்சையும் வரும். தூசி படிந்த காரில் கவர் போட்டுக் காற்றடித்தால் உப்புத்தாள் வேலை நடக்கும். மூடுபனி விடாது நிற்கும் வாரங்களில் கவரைவிட வெறும் வாக்ஸே மேல்.

கேள்வி: நான் டாக்சி ஓட்டுகிறேன். தினம் மேட்டுப்பாளையம் போய் வருவேன். வெள்ளை வண்டியின் பின்பக்கமும் கதவுகளின் கீழ்ப்பகுதியும் ஆரஞ்சுப் புள்ளிகளாக இருக்கின்றன. வாட்டர் சர்வீஸ் விட்டும் போகவில்லை. துருவா? (அருவங்காடு வாசகர்)

பதில்: துருதான், ஆனால் உங்கள் தகட்டின் துரு இல்லை. பிரேக் டிஸ்க்கிலிருந்து தேய்ந்து பறக்கும் இரும்புத் தூள் சூடாகப் போய் பெயிண்டில் ஒட்டி, ஈரத்தில் துருப்பிடித்திருக்கிறது. 14 கொண்டை ஊசி வளைவுகளையும் தினம் பிரேக்கிலேயே இறங்கினால் தூள் நிறைய வரும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று மலைப்பாதையில் சொல்வது பெயிண்டுக்கும் நல்லது.

அயர்ன் ரிமூவர் என்று ஒரு ஸ்பிரே விற்கிறது. வண்டியைக் கழுவிய பின், நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். இரண்டுமே வேலை நடக்கிறது என்பதன் அடையாளம். மூன்று நான்கு நிமிடத்தில், காய்வதற்குள், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் புள்ளிகளுக்கு கிளே பார். பிறகு வாக்ஸ் கட்டாயம், அதுவும் சக்கரத்தின் ரிம்முக்கும் சேர்த்து. அடுத்த முறை தூள் ஒட்டாமல் கழுவியதும் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. மலை இறங்கிய கையோடு சக்கரத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். கொதிக்கும் பிரேக் டிஸ்க் கோணிக்கொண்டால் பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் ஆடும். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

கேள்வி: கூடலூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. வாக்ஸ் ஒரு மாதம்கூட நிற்பதில்லை. செராமிக் கோட்டிங் வீட்டில் போடலாமா? (கூடலூர் வாசகி)

பதில்: போடலாம், ஆனால் பிப்ரவரி, மார்ச்சில், கூரைக்கு அடியில். மழை விட்ட இடைவெளியில் போட நினைக்க வேண்டாம். கார்னோபா வாக்ஸ் (பனை இலையிலிருந்து எடுக்கும் இயற்கை மெழுகு) நல்ல நாளில் ஆறு முதல் எட்டு வாரம், செயற்கை சீலண்ட் நான்கைந்து மாதம், செராமிக் அதற்கும் மேல் நிற்கும். ஆனால் செராமிக் தன் அடியில் இருப்பதை அப்படியே பூட்டி வைக்கும். கீறலோடு போட்டால் கீறலும் பத்திரமாக இருக்கும். எனவே பாலிஷ் வேலை முழுக்க முடிய வேண்டும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைக்க வேண்டும்.

சிறிய காருக்கு 30 மில்லி பாட்டில் போதும். 50 செ.மீ. சதுரம் ஒன்றில் முதலில் நெடுக்காக, பிறகு குறுக்காகப் பூசுங்கள். வானவில் நிறம் தோன்றி மங்கத் தொடங்கியதும் துடைத்துச் சமன் செய்யுங்கள். ஈரக் காற்றில் இது சீக்கிரமே பிசுபிசுக்கும், தாமதித்தால் மேடாக இறுகிவிடும். அதை மறுபடி பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். ஒவ்வொரு சதுரத்தையும் டார்ச் வெளிச்சத்தில் சாய்வாகப் பார்த்துவிட்டு நகருங்கள். 24 மணி நேரம் ஒரு சொட்டு நீர்கூட, பனியீரம்கூடப் படக் கூடாது. ஒரு வாரம் ஷாம்பு கூடாது. மூடிய செட்டு இல்லாதவர்களுக்கு இதனால்தான் செராமிக்கைப் பரிந்துரைக்க மாட்டோம். மே கடைசியில் ஒரு சீலண்ட், ஆகஸ்டில் மழை விட்ட நாளில் ஈரத்திலேயே அடித்துத் துடைக்கும் ஸ்பிரே சீலண்ட் ஒருமுறை, அது போதும்.

கேள்வி: அப்பா காலத்து ஜீப்புக்கு பாலிஷ் போட்டால் துணி முழுக்கப் பச்சையாகிறது. பெயிண்ட் போகிறதா? (மஞ்சூர் வாசகர்)

பதில்: அந்தக் கால எனாமலுக்கு மேல் கிளியர் கோட் கிடையாது. துணியில் வருவது வெயிலில் செத்துச் சுண்ணாம்பான மேல் நிறம். கொஞ்சம் வருவது இயல்பே. மெஷின் வேண்டாம், கையாலேயே மென்மையான பாலிஷ் ஒருமுறை, நிறம் தெளிந்ததும் நிறுத்தி இரண்டு அடுக்கு வாக்ஸ். பிறகு வாக்ஸ் மட்டும்.

கேள்வி: துணியில் டீசல் தொட்டுத் துடைத்தால் பளபளக்கிறதே? (குன்னூர்)

பதில்: பளபளப்பது எண்ணெய். சாயங்காலத்துக்குள் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கண்ணாடி ஓர ரப்பரை உப்பவைக்கும், இருக்கிற வாக்ஸையும் கரைக்கும். மண்ணெண்ணெயும் அப்படித்தான். விட்டுவிடுங்கள்.

கேள்வி: மேட் ஃபினிஷ் பைக்குக்கு எந்த வாக்ஸ்? (உதகை கல்லூரி மாணவர்)

பதில்: எதுவும் வேண்டாம். பாலிஷ் பட்ட இடம் வழவழப்பாகி நிரந்தரத் திட்டாக நிற்கும். மேட் பெயிண்டுக்கென்று விற்கும் ஷாம்பு, சீலண்ட் மட்டும். டேங்க்கில் பெட்ரோல் சிந்தினால் அந்த நொடியே தண்ணீர் விட்டுத் துடையுங்கள். சைலன்சர், மட்கார்டு குரோமியத்துக்குத் தாராளமாக வாக்ஸ் போடலாம், மலை ஈரத்தில் அதற்குத்தான் தேவை அதிகம்.

கேள்வி: ஹெட்லைட் மஞ்சளாகிவிட்டது. மூடுபனியில் வெளிச்சமே இல்லை. டூத்பேஸ்ட் போட்டால் போகும் என்கிறார்களே? (லவ்டேல் வாசகி)

பதில்: சில வாரம் போகும், திரும்பி வரும். பாலிகார்பனேட் மேல் இருந்த புற ஊதாத் தடுப்புப் பூச்சு அழிந்ததுதான் மஞ்சளுக்குக் காரணம். சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, 1000, 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பர்களால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), தண்ணீர் விட்டபடியே, வரிசையாகத் தேயுங்கள். ஒரு நம்பரில் நெடுக்காக என்றால் அடுத்ததில் குறுக்காக. முந்தைய கோடுகள் மறைந்தால்தான் அடுத்த நம்பருக்குப் போக வேண்டும். கடைசியில் பாலிஷ். அதோடு விட்டால் மறுபடி மஞ்சளாகும். ஹெட்லைட்டுக்கென்று விற்கும் புற ஊதாத் தடுப்பு கிளியரை, காய்ந்த வெயில் நாளில், மெல்லியதாக இரண்டு அடுக்கு அடியுங்கள்.

கேள்வி: வெளியே பளபளப்பாக வைத்திருக்கிறேன். ஆனாலும் முன் சீட்டுக் காலடியில் ஈரம், வாடை. கண்ணாடி ஓர ரப்பரில் பச்சைப் பாசி. எங்கிருந்து வருகிறது? (கேத்தி வாசகர்)

பதில்: பானட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே இருக்கும் கருப்பு பிளாஸ்டிக் தட்டின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். சைப்ரஸ் ஊசி, கற்பூர இலை, சில்வர் ஓக் சருகு மக்கி மண்ணாகியிருக்கும். அங்கே இருக்கும் வடிகால் துளை அடைத்தால் மழைநீர் தேங்கி உள்ளே இறங்கும், தகடும் அங்கிருந்தே அரிக்கும். சருகைக் கையால் அள்ளிவிட்டு ஒரு மக் தண்ணீர் மெதுவாக ஊற்றுங்கள். முன் சக்கரத்தின் பின்னால் நீர் கொட்டினால் வழி திறந்துவிட்டது. கதவுகளின் அடி விளிம்பிலும் சின்னத் துளைகள் உண்டு, பல்குத்தும் குச்சியால் குத்திவிடுங்கள். கம்பி வேண்டாம், உள் பூச்சு கீறும். பாசிக்கு ஷாம்பு நீரும் பழைய டூத்பிரஷ்ஷும் போதும். ரப்பர் காய்ந்ததும் சிலிகான் தடவிய துணியால் ஒருமுறை துடைத்துவிட்டால் பாசி அடுத்த முறை அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. மிதியடிகளை எடுத்து, அடியில் உள்ள கார்ப்பெட்டை அழுத்திப் பாருங்கள். நீர் ஊறி வந்தால் கார்ப்பெட்டைத் தூக்கி முழுக்க உலர்த்தாமல் மிதியடியைத் திரும்பப் போட வேண்டாம்.